பெருங்கால் பல்லியும் கரைந்துபோன பேருடலும்

ஐந்தரை அடிக்கு மேல் நீளமுள்ள ஒரு தொடை எலும்பை மனத்தில் எண்ணிப் பாருங்கள். நடுத்தர உயரமுள்ள ஒருவர் அதன் அருகில் படுத்தால், அவருடைய உச்சந்தலையும் உள்ளங்காலும் எலும்பின் இரு முனைகளுக்கு நேராக வந்து நிற்கும். தொடை மட்டுமே இவ்வளவு என்றால், உடல் முழுவதும் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்! புராணத்தில் வரும் இராட்சசன் ஒருவனின் எலும்பு அன்று இது. 1961-ஆம் ஆண்டில், பிராணஹிதை நதி கோதாவரியோடு கலக்கும் பிரதேசத்தில், நம் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் மண்ணிலிருந்து வெட்டி எடுத்த மெய்யான எலும்பு. அதன் நீளம் 1.7 மீட்டர். அதைக் கண்டவர்கள் அந்தப் பிராணிக்கு அங்கேயே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்: ‘பரா பா’, அதாவது ‘பெரிய கால்’. ‘பரா’ என்பது நம்மவர் வேடிக்கையாய் ‘படா’ என்று சொல்கிறோமே, அதே வடநாட்டுச் சொல்தான். இந்தச் செல்லப் பெயரே பிற்பாடு ‘பராபாசாரஸ்’ என்ற சாஸ்திரப் பெயராக உலகமெங்கும் பரவியது.

இனி, இதற்கு நேர் எதிரான மற்றொரு செய்தி. நம் அரியலூருக்கு அருகே, கல்லமேடு என்ற கிராமத்தில், முழங்காலுக்குக் கீழேயுள்ள எலும்பு ஒன்று கிடைத்தது. அதன் நீளம் ஏறக்குறைய 2 மீட்டர் என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். அதாவது, பெருங்கால் பல்லியின் தொடையைவிட, தமிழ்நாட்டுப் பிராணியின் கணைக்காலே நீளமானது! உலகத்தில் நடமாடிய நிலப் பிராணிகளிலேயே மிகப் பெரியவற்றுள் அது ஒன்றாக இருந்திருக்கலாம்.

பெருங்கால் பல்லியைக் காண விரும்புகிறவர்கள் கல்கத்தாவுக்குப் போனால், இந்தியப் புள்ளியியல் கழகத்தின் காட்சிசாலையில் அது எழுந்து நிற்பதைக் காணலாம். கல்லமேட்டுப் பிராணியைக் காண எங்கே போவது? எங்கும் போக முடியாது. அது கரைந்துபோய்விட்டது. ஒன்று ஏன் நிற்கிறது, மற்றொன்று ஏன் மறைந்தது என்பதைச் சற்று விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எலும்பு கல்லாவது எப்படி?

செத்த மாட்டின் எலும்பு வயல் வரப்பில் கிடந்தால் சில வருஷங்களில் வெளுத்து, வெடித்து, பொடியாகிவிடுகிறது. வெயிலும் மழையும், நாயும் நரியும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் அதை விட்டுவைப்பதில்லை. ஆனால் ஒரு பிராணி செத்தவுடன் வெள்ளம் வந்து மணலையும் வண்டலையும் அதன்மேல் மூடிவிட்டால் கதை வேறு. மண்ணுக்குள் ஊறிவரும் நீரில் கரைந்திருக்கும் தாதுப் பொருள்கள் எலும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து படிகின்றன. வண்டல் பாறையாகிறது, எலும்பும் பாறைக்குள் பாறையாகிறது. இவ்விதம் கல்லாகிப்போன எலும்பையே ‘பாஸில்’ என்றும் ‘புதைபடிவம்’ என்றும் சொல்கிறார்கள்.

பிறகு பல கோடி ஆண்டுகள் கழித்து ஆறு அறுத்தோ மழை அரித்தோ அந்தப் பாறை வெளியே தலைகாட்டுகிறது. இங்கேதான் ஒரு விசித்திரம் இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த பொருள், வெளிச்சத்துக்கு வந்த சில மழைக்காலங்களுக்குள் அழிந்துபோகக்கூடும். ஆகையால், அது தலைகாட்டும் சமயத்தில், அது இன்னதென்று அறிந்த ஒருவர் அவ்வழியே வரவேண்டும். வந்தவர் அதை எடுக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். எடுத்ததை வைத்துக் காக்க ஓர் இடமும் இருக்கவேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பயனில்லை.

ஜபல்பூரில் கிடைத்ததும் தொலைந்ததும்

நம் தேசத்தில் இந்த விஷயம் மிகப் பழையது. 1828-ஆம் ஆண்டில், ஜபல்பூருக்கு அருகே ஒரு சிறு குன்றில், காப்டன் ஸ்லீமன் என்ற ஆங்கில அதிகாரி கல்லாகிப்போன எலும்புகளைக் கண்டெடுத்தார். தக்கர் என்ற வழிப்பறிக் கூட்டத்தாரை அடக்கியவராகச் சரித்திரத்தில் பெயர் பெற்ற அதே ஸ்லீமன்தான் இவர். அப்பொழுது ‘டைனோசார்’ என்ற சொல்லே பிறக்கவில்லை. ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கில விஞ்ஞானி அந்தச் சொல்லைப் படைத்து அச்சேற்றியது 1842-ல். ஆகவே, பெயர் உண்டாவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே ஜபல்பூரில் பொருள் கிடைத்துவிட்டது.

அந்த எலும்புகளில் சில கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்ஸெப்பிடம் போய்ச் சேர்ந்தன. அசோக சக்கரவர்த்தியின் கல்வெட்டு எழுத்துக்களைப் பிற்பாடு படித்துக் காட்டிய பெருமை இவருடையது. கல்லில் பொறித்த எழுத்தும் கல்லாகிப்போன எலும்பும் ஒரே மனிதரின் மேஜைக்கு வந்து சேர்ந்தது ரஸமான தற்செயல். 1877-ல் ரிச்சர்ட் லைடெக்கர் என்பவர் ஜபல்பூர் வாலெலும்புகளை ஆராய்ந்து, அவற்றுக்குரிய பிராணிக்கு ‘டைட்டனோசாரஸ் இண்டிகஸ்’ என்று பெயரிட்டார். உலகின் பல கண்டங்களிலும் கிடைத்திருக்கும் ஒரு பெரிய டைனோசார்க் குலத்துக்கு ‘டைட்டனோசார்’ என்ற பெயர் இதிலிருந்தே வந்தது.

குலத்துக்குப் பெயர் தந்த எலும்பு என்னவாயிற்று? அது எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாமற்போயிற்று. ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகள் புஸ்தகத்தில் இருந்த சித்திரத்தை மட்டுமே வைத்துக்கொண்டு வாதம் செய்ய நேர்ந்தது. கடைசியில் 2012-ஆம் ஆண்டில், கல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் சேகரிப்பைப் பார்வையிட்டபோது, தனஞ்ஜய மோஹபேயும் அவருடைய தோழரும் அந்த வாலெலும்புகளில் ஒன்றை அடையாளம் கண்டார்கள். அது கடல் கடந்து போகவில்லை, களவும் போகவில்லை. சொந்த வீட்டிலேயே, யாரும் கேட்காமல், பேசாமல் கிடந்திருக்கிறது.

பொருள் கையில் இருந்தால் மட்டும் போதாது. அது இன்னது, இங்கே இருக்கிறது என்ற கணக்கும் இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

புள்ளி விவரக்காரர் எலும்பைத் தேடிய கதை

கணக்கு என்றதும் பேராசிரியர் பிரசாந்த சந்திர மஹாலனோபிஸின் நினைவு வருகிறது. கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையில் பௌதிக சாஸ்திரம் போதித்த இவர், 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஸ்தாபித்தார். புள்ளி விவரத்துக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். மஹாலனோபிஸின் முதல் ஆராய்ச்சிகளில் ஒன்றே மனித உடலின் அளவுகளைப் பற்றியது. இரண்டு கூட்டத்தாரின் தலை, மூக்கு, உயரம் முதலிய பல அளவுகளை ஒருங்கே வைத்துப் பார்த்து, அவ்விரு கூட்டங்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று கணிக்க அவர் ஒரு வழி கண்டார். 1936-ல் அவர் விரிவாக வெளியிட்ட அந்த ‘மஹாலனோபிஸ் தூரம்’ இன்றும் உலகமெங்கும் வழங்குகிறது. எலும்புகளை அளந்து ஒப்பிடுவோருக்கு அது கைக்கருவி.

அளவு என்று ஒன்று இருக்குமிடமெல்லாம் புள்ளி விவர சாஸ்திரத்துக்கு வேலை உண்டு என்பது அவர் கொள்கை. ஆகவே தம் கழகத்தில் பூகர்ப்ப சாஸ்திரத்துக்கும் ஒரு பிரிவை ஏற்படுத்த விரும்பி, லண்டன் யூனிவர்ஸிடி கலாசாலையிலிருந்து பமேலா ராபின்ஸன் என்ற அம்மையாரை 1957-ல் அழைத்தார். பழங்கால ஊர்வன பற்றிய ஆராய்ச்சியில் தேர்ந்தவர் அந்த அம்மையார். அவர் வந்து, கிடைத்த எலும்புகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு தம் ஊருக்குத் திரும்பியிருந்தால், அது பழைய கதையில் மற்றோர் அத்தியாயமாக முடிந்திருக்கும். அவர் அவ்விதம் செய்யவில்லை. மாணாக்கர்களை உடன் அழைத்துக்கொண்டு கோதாவரிப் பள்ளத்தாக்குக்குப் போனார். பாறையைப் படிப்பது எப்படி, எலும்பை எடுப்பது எப்படி, எடுத்ததைப் பதிவு செய்வது எப்படி என்று கற்பித்தார். கண்டெடுத்தவை கல்கத்தாவிலேயே தங்கின. அவற்றைப் பற்றி எழுதும் திறமையும் அங்கேயே வளர்ந்தது.

அந்தப் பிரதேசத்து மலேரி என்னும் பாறைப் படுகையிலிருந்து முதலைபோல் நீண்ட வாயுடைய ‘பாராஸூகஸ்’ என்ற பிராணிகளின் எலும்புக்கூடுகள் இரண்டு கிடைத்தன. இருபது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை அவை. ஆராய்ந்து பார்த்தபோது அவற்றின் வயிற்றுப் பாகத்தில், அவை விழுங்கிய சிறு பிராணிகளின் எலும்புகளும் இருந்தன! இரை தின்றது, ஜீரணமாகுமுன் செத்தது, செத்தபடியே கல்லானது. இரையாகிய அந்தச் சிறு பிராணி அதுவரை யாரும் அறியாத புது ஜாதி. அதை 1980-ல் விவரித்த சங்கர் சாட்டர்ஜி, ‘மலேரிசாரஸ் ராபின்ஸனே’ என்று பெயரிட்டார். பாறைப் படுகையின் பெயரால் ஒரு பாதி, ஆசிரியையின் பெயரால் மறுபாதி. குருதக்ஷிணை என்றால் இதுவல்லவா!

ஆறு இடது தொடைகள்

இப்பொழுது பெருங்கால் பல்லியிடம் திரும்புவோம். சிரோஞ்சா தாலுகாவில் போச்சம்பள்ளி என்ற கிராமத்துக்குத் தெற்கே அது கிடைத்தது. (கிருஷ்ணகிரியை அடுத்த நம் போச்சம்பள்ளி அன்று, இது மஹாராஷ்டிரத்தில் உள்ளது.) முதல் எலும்புகள் 1958-ல் கண்ணில் பட்டன, பெரும் பகுதி 1960-லும் 1961-லும் வெட்டியெடுக்கப்பட்டது. சுமார் 275 சதுர மீட்டர் நிலத்தில் ஏறக்குறைய 300 எலும்புகள் சிதறிக் கிடந்தன. அவற்றோடு கல்லாகிப்போன மரத் தண்டுகளும் கலந்து கிடந்தன.

சிதறிக் கிடக்கும் முந்நூறு எலும்புகள் ஒரு பிராணியினுடையவையா, பலவற்றினுடையவையா? இதை அறியும் முறை மிக எளிது; குழந்தைக்கும் விளங்கும். ஒரு பிராணிக்கு இடது தொடை எலும்பு ஒன்றுதான் உண்டு. போச்சம்பள்ளியில் இடது தொடை எலும்புகள் ஆறு கிடைத்தன. ஆகவே குறைந்தபக்ஷம் ஆறு பிராணிகள் அங்கே அழிந்திருக்கவேண்டும். மரத்தண்டுகளும் எலும்புகளும் ஒன்றாகக் குவிந்திருப்பதால், பெருவெள்ளம் ஒன்று அவற்றை அடித்துக்கொண்டு வந்து சேர்த்தது என்றும் ஊகிக்கிறார்கள். ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு வெள்ளத்தின் சேதக் கணக்கு அது!

ஆனால் இந்தச் சிறு கணக்கைப் போடுவதற்கு எத்தனை ஜாக்கிரதை வேண்டியிருக்கிறது! ஒவ்வொரு எலும்பும் எந்த இடத்தில், எந்தத் திசை நோக்கி, எந்த ஆழத்தில் கிடந்தது என்று படம் வரைந்து குறித்துக்கொள்ளவேண்டும். பிறகே அதைத் தொடவேண்டும். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் எலும்பு வெறும் கல்; வெள்ளமும் இல்லை, மந்தையும் இல்லை.

1961 கவியரசர் ரவீந்திரநாத் தாகூரின் நூற்றாண்டு. ஆகையால் பிராணியின் முழுப் பெயர் ‘பராபாசாரஸ் தாகோரி’ ஆயிற்று. ஜெயின், குட்டி, ராய் சௌதுரி, சாட்டர்ஜி ஆகிய நால்வர் 1975-ல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். எடுத்தது 1961-ல், எழுதியது 1975-ல் என்றால் இடையில் பதினான்கு ஆண்டுகள் என்ன செய்தார்கள் என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான்.

கலாசாலையின் பின்கட்டு

எலும்பைப் பாறையோடு சேர்த்துப் பெயர்த்தெடுத்து, அதன்மேல் முதலில் ஈரக் காகிதத்தையும், பிறகு ‘பிளாஸ்டர்’ குழம்பில் தோய்த்த சாக்குத் துணியையும் சுற்றுகிறார்கள். முறிந்த கைக்கு வைத்தியர் மாவுக்கட்டுப் போடுவதுபோலத்தான் இதுவும். கட்டு இறுகியபின் வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். பொதுவாக மழை ஓய்ந்து வெயில் ஏறுவதற்கு முன்னுள்ள குளிர்மாதங்களே இந்த வேலைக்கு ஏற்றவை. ஆண்டின் எஞ்சிய மாதங்களெல்லாம் ஆராய்ச்சி அறைக்குள்ளேதான்.

அங்கே மாணாக்கர் மாவுக்கட்டைப் பிரித்து, ஊசி முனையாலும் சிற்றுளியாலும் எலும்பைச் சுற்றியுள்ள பாறையைத் துகள் துகளாகச் சுரண்டுகிறார். எலும்பு விரிசல் கண்டால் பசை ஊற்றி உறுதிப்படுத்துகிறார். சிறு அவசரம் நேர்ந்தாலும், கோடி ஆண்டு நிலைத்தது ஒரு கணத்தில் போய்விடும். ஒரு முதுகெலும்புக்கு வாரங்கள் ஆகலாம். ஒரு மண்டையோட்டுக்கு மாதங்கள் ஆகலாம். முடிந்ததும் அதற்கு இலக்கமிட்டு, ஏட்டில் பதிந்து, அளந்து, படம் வரைந்து, அறையில் வைக்கிறார். அதன் பிறகே ‘இது யாருடைய எலும்பு?’ என்ற கேள்வி தொடங்குகிறது.

அக்கேள்விக்கு விடை காண, இன்று வாழும் பிராணிகளின் எலும்புக்கூடுகள் பக்கத்தில் இருக்கவேண்டும். முதலை, பல்லி, ஆமை, கோழி, மாடு என்று பல ஜாதிகளின் எலும்புகளையும் சேர்த்துவைக்காத பிராணி நூல் பிரிவு, அகராதி இல்லாத பாஷைப் பிரிவைப் போன்றது. இறந்த பிராணிகளின் எலும்பிலிருந்து சதையை நீக்குவதற்காக ஒருவகை வண்டுகளையே காட்சிசாலைகள் பலவற்றில் வளர்க்கிறார்கள். மனிதன் கத்தி புகாத இடுக்கிலும் அவை புகுந்து, எலும்பைக் கெடுக்காமல் சுத்தம் செய்துவிடுகின்றன.

ஒப்பிட்டுப் பார்க்கும் இந்தக் கலையின் சக்தியைப் பிரான்ஸ் தேசத்துக் குவியே என்ற பேராசிரியர் நூறாண்டுகளுக்கு வெகு முன்பே காட்டினார். பாரிஸ் நகரத்து மான்மார்த்ரே குன்றிலிருந்து ஒரு சிறு பிராணியின் எலும்புக்கூடு பாறையில் பாதி புதைந்தபடி அவரிடம் வந்தது. பல்லையும் தாடையையும் பார்த்து, இது பையுடைய பிராணி இனம் என்று முடிவு கட்டினார். அப்படியானால், இரண்டு சிற்றெலும்புகள் இடுப்புக்கு முன்னால் இருக்கவேண்டும். சாட்சிகளை வைத்துக்கொண்டு பாறையைச் சுரண்டினார். அவர் சொன்ன இடத்திலேயே இரண்டும் இருந்தன! இது ஜோஸியம் அன்று. ஆயிரம் எலும்புக்கூடுகளை அருகில் வைத்துப் பழகிய கண்ணின் பலன்.

பெருங்கால் பல்லியின் தலையோடு இதுவரை கிடைக்கவில்லை. சில பற்களே கிடைத்தன. அப்படியிருந்தும், ஏறக்குறைய 14 மீட்டர் நீளமுள்ள அந்தப் பிராணி தழை தின்பது, நான்கு காலால் நடப்பது, நீள்கழுத்து டைனோசார்களின் ஆதிக்குடியைச் சேர்ந்தது என்றெல்லாம் உறுதியாகச் சொல்ல முடிந்தது. 2010-ல் மற்றொரு கூட்டத்தார் அதே எலும்புகளை மீண்டும் ஒவ்வொன்றாகப் பரிசீலித்து, முன்னிலும் விரிவாக எழுதினார்கள். ஐம்பது ஆண்டு கழித்தும் திரும்பப் பார்க்க எலும்பு இருந்தது என்பதே விசேஷம்.

இழுப்பறையில் இருந்த பாம்பு

திரும்பப் பார்ப்பதால் என்ன லாபம் என்பதற்கு மற்றோர் உதாரணம். குஜராத்தில் தோலி துங்க்ரி என்ற கிராமத்தில் டைனோசார் முட்டைகளையும் அவற்றோடு சேர்ந்த சிறு எலும்புகளையும் மோஹபே கண்டெடுத்து, 1987-ல் அறிவித்தார். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சின் எலும்புகள் என்று அன்று கருதப்பட்டது. கல் இழுப்பறைக்குப் போயிற்று. 2001-ல் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜெப்ரி வில்ஸன் அதை எடுத்துப் பார்த்தார். அதிலிருந்த முதுகெலும்புகள் சில, டைனோசாருடையவை அல்ல, பாம்பினுடையவை!

மேலும் சுத்தம் செய்து ஆராய்ந்தபோது முழுக் காட்சியும் புலப்பட்டது. மூன்றரை மீட்டர் நீளமுள்ள பாம்பு ஒன்று, உடைந்த முட்டை ஒன்றைச் சுற்றி வளைந்து கிடக்கிறது. அருகில் அரை மீட்டர் நீளமுள்ள குஞ்சு. குஞ்சு வெளிவரும் சமயம் பார்த்துப் பாம்பு கூட்டுக்குள் வந்திருக்கிறது. அந்த வேளையில் மண் சரிந்தோ வெள்ளம் வந்தோ எல்லாவற்றையும் மூடிவிட்டது. நடந்தது சுமார் 6.7 கோடி ஆண்டுகளுக்கு முன். 2010-ல் அந்தப் பாம்புக்கு ‘ஸனாஜே இண்டிகஸ்’ என்று பெயரிட்டு வெளியிட்டார்கள்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. மோஹபேயின் முதல் கருத்து திருந்தியது. அதனால் அவருக்குக் குறைவில்லை, 2010-ல் வெளியான கட்டுரையில் அவரும் ஒருவர். கல் பத்திரமாக இருந்ததால் கருத்துத் திருந்த இடம் கிடைத்தது. எழுதியது மட்டும் மிஞ்சிக் கல் போயிருந்தால், ‘டைனோசார்க் குஞ்சு’ என்பதே நிரந்தரமாகியிருக்கும்.

கல்லமேட்டில் நேர்ந்தது

இப்பொழுது நம் ஊருக்கு வருவோம். அரியலூர்ப் பிரதேசம் ஒரு காலத்தில் கடலாகவும் கடலோரமாகவும் இருந்தது. அங்கே கிடைக்கும் கடற்சங்கு, சிப்பி, நத்தைப் படிவங்களைப் பற்றி ஸ்டோலிக்ஸ்கா என்ற அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெரும் புஸ்தகங்கள் எழுதினார். இன்று வாரணவாசியில் அப்படிவங்களுக்கென்றே ஒரு காட்சிசாலை இருக்கிறது.

அதே பிரதேசத்துக் கல்லமேட்டில், புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் இடுப்பெலும்பு, தொடை எலும்பின் பாகம், கணைக்கால் எலும்பு, முன்கை எலும்பு, வாலெலும்பு ஆகியவற்றைக் கண்டு, 1980-களின் இறுதியில் வெளியிட்டார்கள். ‘பேருடல்’ என்று பொருள்படும் ‘பிருஹத்காய’ என்ற ஸம்ஸ்கிருதச் சொல்லால் ‘பிருஹத்காயோசாரஸ் மாட்லேயி’ என்று பெயரும் வைத்தார்கள். முதலில் அதை ஊன் தின்னும் இனம் என்று எண்ணினார்கள். பிறகு ஆராய்ந்தவர்கள், அது நீள்கழுத்துத் தழைதின்னி இனம், டைட்டனோசார்க் குலம் என்று கருதினார்கள். வேறு சிலர், இது எலும்பே அன்று, கல்லாகிப்போன மரமாக இருக்கலாம் என்றுகூடச் சந்தேகித்தார்கள்.

சந்தேகம் தீர வழி என்ன? எலும்பை எடுத்துக் காட்டவேண்டும். மெல்லிய துண்டு அறுத்து நுண்பெருக்கியில் வைத்தால் எலும்பா மரமா என்பது ஒரு பகலில் தெரிந்துவிடும். ஆனால் காட்ட எலும்பு இல்லை. கல்லமேட்டு மண் நீரேறினால் இளகும், காய்ந்தால் வெடிக்கும் தன்மையுடையது. அதில் இருந்த எலும்பும் மிக நொய்ந்தது. மாவுக்கட்டுக்குள் இருக்கும்போதே அது பொடியத் தொடங்கியது என்றும், இப்பொழுது ஒன்றும் மிஞ்சவில்லை என்றும் 2017-ல் அச்சில் தெரிவிக்கப்பட்டது. 2022-ல், வெட்டியெடுத்த காலத்தில் பிடித்த பழைய புகைப்படங்கள் சில வெளியிடப்பட்டன. அவற்றைப் பார்த்த ஆராய்ச்சியாளர் பலருக்கு, அது எலும்புதான் என்ற நம்பிக்கை பலப்பட்டது. ஆயினும் புகைப்படம் எலும்பாகிவிடாது. அதன் எடை எவ்வளவு, உலகில் அதற்கு எத்தனையாவது இடம் என்ற கேள்விகளுக்கெல்லாம் இனி ஊகமே பதில்.

இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. அதே யாதகிரி விவரித்த ‘கோட்டாசாரஸ்’ என்ற டைனோசாரின் எலும்புகள் அழியாமல் தப்பின. அந்தப் பிராணி இன்று ஹைதராபாத்தில் பிர்லா விஞ்ஞானக் காட்சிசாலையில் நிமிர்ந்து நிற்கிறது. கைகள் அவையே, மண் மட்டும் வேறு. ஆனால் நொய்ந்த எலும்பை நிலத்திலேயே பசையூட்டிக் கெட்டிப்படுத்தும் வித்தை உலகில் இல்லாமலில்லை. அந்த வித்தையை அறிந்தவர்கள், அதற்கு வேண்டிய பொருள்கள், உடனே கொண்டுபோய் வைக்க ஓர் ஆராய்ச்சி அறை ஆகிய இவை மூன்றும் கண்டெடுத்த இடத்துக்கு அருகில் தயாராக இருப்பதுதான் அரிது.

நாம் செய்யக்கூடியது

நம் சர்வகலாசாலைகளில் கண்டுபிடித்தவருக்கு மாலை உண்டு. கட்டுரை எழுதியவருக்குப் பட்டம் உண்டு. இழுப்பறைக்கு இலக்கமிட்டவருக்கு என்ன உண்டு? ஊசி முனையால் பாறையைச் சுரண்டும் தொழிலாளியை யார் அறிவார்? பேராசிரியர் ஓய்வு பெற்றதும், அவர் ஆயுள் முழுவதும் சேர்த்த கற்கள் ‘இடத்தை அடைக்கின்றன’ என்று தாழ்வாரத்துக்கு வருவது எந்தத் தேசத்திலும் நடக்கக்கூடியது. தாழ்வாரத்துக்கு வந்த கல்லுக்கு அடுத்த யாத்திரை குப்பை மேட்டுக்குத்தான்.

2022 டிசம்பரில், பூமியின் பழஞ்சின்னங்களைக் காப்பதற்கான மசோதா ஒன்றின் வரைவை மத்திய சர்க்கார் வெளியிட்டனர். இத்தகைய சட்டம் வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுவந்தவர்களிலேயே பலர், அதிகாரம் முழுவதையும் ஒரே இலாகாவிடம் ஒப்படைப்பது சர்வகலாசாலை ஆராய்ச்சியைத் தடுக்கும் என்று ஆட்சேபித்தார்கள். வரைவின் குணதோஷம் எதுவாயினும் ஒன்று நிச்சயம். நிலத்துக்கு வேலி போடுவதோடு சட்டம் நின்றுவிட்டால் பாதி வேலைதான் ஆகும். கல்லமேட்டு எலும்பை யாரும் திருடவில்லை. ஜபல்பூர் எலும்பையும் யாரும் திருடவில்லை. ஒன்று மழையில் போயிற்று, மற்றொன்று மறதியில் போய்த் தெய்வாதீனமாய்த் திரும்பிற்று. மழைக்கும் மறதிக்கும் வேலி கிடையாது. பழகிய கைகளும் ஒழுங்கான ஏடுமே அவற்றுக்கு மாற்று.

அடுத்த முறை ஏதேனும் கலாசாலைக் காட்சிசாலைக்குக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகிறவர்கள், பெரிய எலும்புக்கூட்டின் எதிரில் நின்று வியந்தபின், அதன் கீழே ஒட்டியிருக்கும் சிறு சீட்டையும் படித்துக் காட்டவேண்டும். எங்கே, எப்பொழுது, யாரால் என்ற மூன்று வரிகள் அதில் இருக்கும். அந்தச் சீட்டு இல்லாத எலும்பு ஊமை. கல்கத்தாவில் நிற்கும் பெருங்கால் பல்லிக்கு அந்தச் சீட்டு இருக்கிறது. தமிழ்நாட்டுப் பேருடலுக்குச் சீட்டு மட்டும் மிஞ்சிவிட்டது; அதை ஒட்டுவதற்கு எலும்பு இல்லை. கல்லமேட்டுப் பாறைகள் இன்னும் முற்றிலும் வெட்டி முடிந்துவிடவில்லை. இன்னொரு கணைக்கால் எலும்பு அங்கே மண்ணுக்குள் இருந்தால், அது அடுத்த மழையில் தலைகாட்டும்பொழுது, அதை எடுக்கப் பழகிய மாணாக்கர் ஒருவரும், வைக்க ஓர் அறையும் தயாராக இருக்கவேண்டும்.